குறிக்கோளை எழுதக் கற்றுக்கொடுத்த பெஞ்சமின் புளூம்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை என்றாலே விஸ்வேஸ்வரய்யா, எடிசன், ஜி.டி. நாயுடு என்று எழுதுவதுதான் நம்ம வழக்கம். மூவருமே மாமேதைகள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஒரு மெஷினைக்கூடக் கண்டுபிடித்தவர் இல்லை. ஒரு பாலமும் கட்டியதில்லை. பரீட்சைக்குக் கேள்வி தயாரிப்பதுதான் அவர் பார்த்த உத்தியோகம்! அப்படிப்பட்ட ஆளைப் பற்றி நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்ம சிலபஸில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் 'அப்ஜெக்டிவ்', 'கோர்ஸ் அவுட்கம்' என்று நாலைந்து வரி போட்டிருக்குமே, நாமெல்லாம் படிக்காமல் தாண்டிப் போவோமே, அந்த வரிகளை எப்படி எழுத வேண்டும் என்று உலகத்து வாத்தியார்களுக்கெல்லாம் வழிகாட்டியவர் அவர். பி.எட். படித்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவார். அவர்தான் பெஞ்சமின் சாமுவேல் புளூம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே 1913 பிப்ரவரி 21-ஆம் தேதி புளூம் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவில் யூதர்களுக்கு நடந்த கொடுமைகளுக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். பிழைக்க வந்த குடும்பத்துப் பையனுக்கு எங்கே படிப்பு வரும் என்று நினைக்காதீர்கள். பையன் படிப்பில் புலி.

ஊர் நூலகத்தில் காலையில் எடுத்த புத்தகத்தை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். நூலகத்து அம்மாள் வாங்க மாட்டாராம். அதற்குள் எப்படிப் படித்திருக்க முடியும் என்ற சந்தேகம். முழுசும் படித்துவிட்டேன் என்று நிரூபித்த பிறகுதான் அடுத்த புத்தகம் கிடைத்ததாம். படித்ததைச் செய்து காட்டினால்தான் நம்புவார்கள் என்ற பாடம் அவருக்குச் சின்ன வயசிலேயே கிடைத்துவிட்டது போலும்!

பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்து 1935-ஆம் ஆண்டிலேயே இளங்கலை, முதுகலை இரண்டு பட்டங்களையும் வாங்கினார். அது அமெரிக்காவில் பெரிய பொருளாதார மந்தம் நிலவிய காலம். ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். புளூம் முதலில் பார்த்த வேலை மாநில அரசின் நிவாரண அமைப்பில் ஆராய்ச்சி உதவி வேலை. அடுத்து அமெரிக்க இளைஞர் கமிஷன் என்ற அமைப்பில் சேர்ந்தார். வேலை கிடைக்காத இளைஞர்களைப் பற்றிய கணக்குகளோடுதான் அவருடைய உத்தியோக வாழ்க்கை தொடங்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

குருவைத் தேடிப் போன சீடன்

அந்தக் காலத்தில் ரால்ப் டைலர் என்று ஒரு கல்வி அறிஞர் புகழ்பெற்று விளங்கினார். டைலர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு பாடத்தை நடத்துவதற்கு முன்னால், இது முடிந்ததும் மாணவன் என்ன செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணினீர்களா? அதை முடிவு பண்ணாமல் எதை நடத்துவது, எதைப் பரீட்சையில் கேட்பது? இவ்வளவுதான் அவருடைய வாதம்.

டைலரின் கருத்துகளைக் கேட்ட புளூமுக்கு, படித்தால் இவரிடம்தான் படிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவர் இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்துக்கே 1939-இல் போய்ச் சேர்ந்தார். 1942-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தேர்வு வாரியத்தில் வேலை. 1959 வரை பல்கலைக்கழகத் தேர்வாளர் பொறுப்பிலும் இருந்தார்.

சிகாகோவில் ஒரு விசேஷம் உண்டு. பாடம் நடத்துகிற பேராசிரியர் தன் இஷ்டத்துக்குக் கேள்வித்தாள் போட்டு மார்க் போட்டுவிட முடியாது. பொதுத்தேர்வை நடத்துவது தேர்வு வாரியம். அப்படி இருக்கும்போது கேள்வி தயாரிப்பவருக்குப் பெரிய தலைவலி. பேராசிரியரிடம் போய், உங்கள் பாடத்தில் மாணவருக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று கேட்டால், நன்றாகப் புரிந்திருக்க வேண்டும், ஆழமாக அறிந்திருக்க வேண்டும் என்று பதில் வரும். சரி, புரிந்தது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வரையறையை ஒப்பித்தால் புரிந்ததா? கணக்குப் போட்டால் புரிந்ததா? புதுசாக ஒரு நிலைமையைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னால் சொல்வதா? ஒருத்தர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார், இன்னொருத்தர் வேறொன்றை நினைத்துக் கேட்கிறார். நடுவில் மாட்டிக்கொள்வது யார்? நம்ம மாதிரி மாணவன்தான்!

ஆறு படிகள்

இந்தத் தலைவலி சிகாகோவுக்கு மட்டும் இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, பல கல்லூரிகளைச் சேர்ந்த தேர்வாளர்கள் தனியாகக் கூடிப் பேசினார்கள். செடிகொடிகளை இனம் பிரித்துப் பெயர் வைத்திருக்கிற மாதிரி, கற்றலின் குறிக்கோள்களையும் இனம் பிரித்தால் என்ன? எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னால் ஒரே அர்த்தம் வரும் அல்லவா? இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் கூடி வேலை செய்தார்கள். 1956-இல் புத்தகம் வந்தது. எங்கல்ஹார்ட், ஃபர்ஸ்ட், ஹில், கிராத்வோல் ஆகிய நால்வரும் புளூமும் சேர்ந்து தயாரித்த அந்த நூலுக்குப் புளூம்தான் பதிப்பாசிரியர். நூலைத் தம் குரு டைலருக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

அறிவு சம்பந்தப்பட்ட குறிக்கோள்களை அதில் ஆறு படியாகப் பிரித்தார்கள். நமக்குப் புரிகிற மாதிரி, நம்ம பக்கத்துத் தோட்டங்களில் ஓடுகிற 3 பேஸ் பம்ப்செட் மோட்டாரை வைத்தே சொல்கிறேன்.

1. நினைவில் வைத்தல்: மோட்டாரின் பாகங்களின் பெயரைச் சொல்வது.

2. புரிந்துகொள்ளுதல்: முதலில் ஸ்டாரில் ஓட்டி அப்புறம் டெல்டாவுக்கு ஏன் மாற்றுகிறோம் என்று சொந்த வார்த்தையில் விளக்குவது.

3. பயன்படுத்துதல்: மோட்டார் இத்தனை குதிரைத்திறன் என்று கொடுத்தால், அது இழுக்கிற கரண்டைக் கணக்குப் போட்டு, எந்த அளவு கேபிள், எந்த ஃப்யூஸ் என்று தேர்ந்தெடுப்பது.

4. பகுத்தாய்தல்: சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. ஒரு பேஸ் வரவில்லையா, பேரிங் இறுகிப்போச்சா, ஸ்டார்ட்டரில் கான்டாக்ட் சேரவில்லையா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணத்தைப் பிடிப்பது.

5. சேர்த்து உருவாக்குதல்: ஒரு பேஸ் போனாலும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் மோட்டார் தானே நின்றுவிடுகிற மாதிரி ஒரு பேனல் சர்க்யூட்டைத் தானே வரைவது.

6. மதிப்பிடுதல்: இரண்டு கடைக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு, இந்த விவசாயிக்கு எது சரிப்படும் என்று காரணத்தோடு தீர்ப்புச் சொல்வது.

இப்போது ஒரு கேள்வித்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரையறு, வகைகளைக் கூறு, படம் வரைந்து பாகங்களைக் குறி என்று எத்தனை கேள்விகள் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். வெளியே நமக்கு வேலை கொடுக்கிறவர் கேட்பதோ நாலாம் படி! உறுமுகிற மோட்டார் முன்னால் நிறுத்தி, என்னப்பா கோளாறு என்று கேட்கிறார். இந்த இடைவெளியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டியதுதான் புளூம் செய்த முதல் பெரிய காரியம்.

இந்தியாவுக்கு வந்த புளூம்

இவருக்கும் நம்ம நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையின் ஆரம்பத்தில் ஒரு தமிழர் இருக்கிறார்.

சுதந்திரம் வந்த பிறகு, உயர்நிலைப் பள்ளிப் படிப்பைச் சீர்திருத்த 1952-இல் மத்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. அதற்குத் தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பெருந்தகை. 1953-இல் வந்த அந்த அறிக்கை, பரீட்சைதான் பாடத்தையே ஆட்டிவைக்கிறது, மனப்பாடத்தைத்தான் வளர்க்கிறது என்று எடுத்துக்காட்டி, தேர்வு முறையை மாற்றச் சொன்னது.

மாற்றுவது என்றால் எப்படி? ஆசிரியர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதற்காகத்தான் 1957-இல் ஃபோர்டு பவுண்டேஷன் உதவியோடு புளூம் இந்தியா வந்தார். தேர்வும் மதிப்பீடும் பற்றிப் பல பயிற்சி முகாம்களை நடத்தினார். அவர் புத்தகம் வெளிவந்து ஒரே வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலேயே பல பேருக்கு இன்னும் தெரியாத விஷயம் நம்ம நாட்டு ஆசிரியர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது!

முகாம்களில் வலியுறுத்தப்பட்ட விஷயத்தை ஒரு முக்கோணமாக நம்ம நாட்டு ஆசிரியர் பயிற்சியில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு மூலையில் குறிக்கோள். இன்னொரு மூலையில் அதை அடையச் செய்கிற பாடமும் பயிற்சியும். மூன்றாவது மூலையில் மதிப்பீடு. மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறிக்கோளில் ஒன்று, வகுப்பில் ஒன்று, பரீட்சையில் வேறொன்று என்றால் முக்கோணம் உடைந்துபோகும்.

அடுத்த ஆண்டே, 1958-இல், மத்தியத் தேர்வுப் பிரிவு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நம்ம நாட்டு அதிகாரிகள் சிலர் சிகாகோவுக்கே போய்ப் புளூமிடம் படித்தார்கள். பிறகு 1961-இல் என்.சி.இ.ஆர்.டி. ஆரம்பிக்கப்பட்டு, இந்தப் பணியும் அதோடு சேர்ந்தது.

பள்ளிக்கூடம் சரி, பாலிடெக்னிக்குக்கு? பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 1964-இல் சென்னையில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று தரமணியில் என்.ஐ.டி.டி.டி.ஆர். என்ற பெயரில் இருப்பது அதுதான். குறிக்கோளை எழுதுவது, அதற்கேற்பப் பாடத்திட்டம் அமைப்பது, கேள்வி தயாரிப்பது எல்லாம் அங்கே நடக்கிற பயிற்சிகளில் அடக்கம்.

கைக்கும் படிகள் உண்டு

நமக்கு முக்கியமான ஒரு விஷயம் இங்கே வருகிறது. புளூமின் 1956 புத்தகம் மூளை செய்கிற வேலையைப் பற்றியது. மனப்பான்மை, மதிப்பு, ஈடுபாடு ஆகியவற்றுக்கு 1964-இல் கிராத்வோல், புளூம், மாசியா மூவரும் இரண்டாவது புத்தகம் எழுதினார்கள். ஆனால் கைத்திறனுக்கு? அதற்கான புத்தகத்தைப் புளூம் குழுவினர் எழுதவே இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்களில் ஒருவர் இந்தியர். சிகாகோவில் புளூமிடம் ஆராய்ச்சி செய்து, என்.சி.இ.ஆர்.டி.யில் பணியாற்றிய ஆர்.எச். தவே. 1970-இல் வெளியான அவருடைய பகுப்பில் கைத்திறனுக்கு ஐந்து படிகள். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்த யாருக்கும் இது உடனே புரியும்.

முதலில், சார் ராவுவதைப் பார்த்து அப்படியே செய்து பார்ப்பது. இரண்டாவது, சொல்லக் கேட்டோ ஷீட்டைப் படித்தோ தானே செய்வது. மூன்றாவது, துல்லியம். டிரை ஸ்கொயரை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. நாலாவது, பல வேலைகளை ஒழுங்காகக் கோப்பது. மார்க்கிங், ஹேக்ஸா, ராவுதல், டிரில்லிங் எல்லாம் வரிசையாக வந்து ஆண்துண்டும் பெண்துண்டும் கச்சிதமாகச் சேர வேண்டும். ஐந்தாவது, கைக்கே பழகிப்போவது. யோசிக்காமல் கை தானாகப் போகும்.

மதுரையில் எந்த லேத் பட்டறையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அண்ணன்மார் ஐந்தாம் படியில் நிற்பார்கள். நாம் ரெக்கார்டு நோட்டில் ஐந்தாம் படி, கையில் முதல் படி! குறிக்கோள் எழுதும்போது எந்தப் படி வரைக்கும் கொண்டுபோகப் போகிறோம் என்று எழுதிவிட்டால் இந்த மாதிரி ஏமாற்றத்துக்கு இடமிருக்காது.

எழுதுவது எப்படி?

குறிக்கோளை எப்படி எழுதுவது என்பதற்கு, புளூமைத் தொடர்ந்து 1962-இல் ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தொழிற்பயிற்சி கொடுக்கிறவர்கள் மத்தியில் அது பெரிய அளவில் பரவியது. அதன் சாரம் மூன்று கேள்விகள். மாணவன் என்ன செய்து காட்டுவான்? எந்த நிலைமையில், எதை வைத்துக்கொண்டு? எந்த அளவுக்குச் சரியாக?

இரண்டு உதாரணம் பார்ப்போம். முதலாவது: மாணவர் லேத் இயந்திரத்தைப் பற்றி நன்கு அறிந்துகொள்வார். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது? 

இரண்டாவது: 25 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் ராடும் வரைபடமும் கொடுத்தால், மாணவர் தாமே சக்கில் பிடித்து, டூலை செட் பண்ணி, 22 மி.மீ. விட்டத்துக்கு டர்னிங் செய்வார். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 0.1 மி.மீ.க்கு மேல் கூடவோ குறையவோ இருக்காது.

இந்த இரண்டாவதைப் படித்தவுடனே வாத்தியாருக்கு என்ன நடத்த வேண்டும் என்று தெரிந்துபோகிறது. எத்தனை லேத் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்றும் தெரிகிறது. பரீட்சைக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவனுக்குத் தான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிகிறது. சிவில் நண்பர்களுக்கும் இதே மாதிரிதான். சர்வேயிங் பற்றித் தெரிந்துகொள்வார் என்பதைவிட, லெவல் கருவியும் ஸ்டாஃபும் கொடுத்தால் கண்மாய்க் கரையில் 100 மீட்டருக்கு லெவல் எடுத்து, கணக்குச் சரிபார்ப்பு ஒத்துவரும்படி புக் பண்ணுவார் என்று எழுதினால் எவ்வளவு தெளிவு!

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அளந்து பார்க்க முடிகிறதை மட்டும் எழுதினால் சின்னச் சின்ன வேலைகளிலேயே பாடம் முடிந்துபோகும். யோசித்துக் கோளாறு கண்டுபிடிப்பது, புதுசாக வடிவமைப்பது எல்லாம் விட்டுப்போகும். அதனால்தான் படிகளும் வேண்டும், தெளிவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் வாத்தியாரின் சாமர்த்தியம்.

எல்லாராலும் முடியும்

புளூம் வாழ்க்கையின் பின்பாதி எனக்கு இன்னும் பிடித்தது.

1964-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், குழந்தையின் வளர்ச்சியில் முதல் சில ஆண்டுகள் எவ்வளவு முக்கியம் என்று காட்டியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காக 1965-இல் அமெரிக்க அரசு தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்துக்கு அந்த ஆராய்ச்சி துணைநின்றது.

1968-இல் முழுமைக் கற்றல் பற்றிய கட்டுரையை எழுதினார். ஜான் கரோல் என்ற அறிஞர் 1963-இல் சொன்ன ஒரு கருத்துதான் அதற்கு விதை. ஒருத்தனுக்குப் படிப்பு வரும், ஒருத்தனுக்கு வராது என்கிறோமே, உண்மையில் ஒருத்தனுக்குக் கொஞ்ச நேரம் போதும், இன்னொருத்தனுக்கு அதிக நேரம் வேண்டும், அவ்வளவுதான் என்பது அந்தக் கருத்து. புளூம் இதைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் கொஞ்சம் பேர் மேலே, நிறையப் பேர் நடுவில், கொஞ்சம் பேர் கீழே என்று மார்க் வருவதை இயற்கை என்று ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? நல்லபடியாக நடத்தி, தேவையான நேரமும் உதவியும் கொடுத்தால் 100-க்கு 90 பேருக்கு மேல் பாடத்தை முழுசாகப் பிடித்துவிட முடியும் என்று வாதாடினார்.

வழியும் சொன்னார். பாடத்தைச் சின்ன யூனிட்களாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் குறிக்கோளைத் தெளிவாக எழுது. முடிந்ததும் ஒரு சின்ன டெஸ்ட் வை. அது மார்க்குக்கு இல்லை, எங்கே தடுக்குகிறது என்று பார்க்கத்தான். தடுக்குகிற இடத்தை வேறு விதமாகச் சொல்லிக்கொடு. மறுபடி டெஸ்ட் வை. அப்புறம்தான் அடுத்த யூனிட்.

யோசித்துப் பாருங்கள், குறிக்கோள் தெளிவாக இல்லாவிட்டால் இதில் ஒன்றுமே நடக்காது. எங்கே தடுக்குகிறது என்று எதை வைத்துப் பார்ப்பது? 1948-இல் கேள்வித்தாள் தலைவலிக்கு மருந்து தேடப்போனவர், 20 வருஷம் கழித்து, பின்தங்கிய மாணவனுக்குக் கைகொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

1984-இல் இன்னொரு கட்டுரை. ஆளுக்கு ஒரு வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், சராசரி மாணவன்கூட, சாதாரண வகுப்பில் படிக்கிற 100 பேரில் 98 பேரைத் தாண்டிவிடுகிறான் என்று தம் மாணவர்களின் ஆய்வுகளை வைத்துக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை. இருந்தாலும், ஆளுக்கொரு வாத்தியார் வைக்க எந்த நாட்டுக்கும் வசதி கிடையாதே, வகுப்பறையிலேயே அந்தப் பலனை எப்படிக் கொண்டுவருவது என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. 1985-இல் வெளியான நூலில், பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆராய்ச்சி என்று ஆறு துறைகளில் உச்சத்துக்குப் போன 120 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்திருந்தார். பெரும்பாலானவர்கள் பிறவி மேதைகளாகத் தொடங்கியவர்கள் இல்லை. வீட்டாரின் ஆதரவும் நல்ல ஆசிரியர்களும் பல வருஷப் பயிற்சியும்தான் அவர்களை ஏற்றிவிட்டன.

1999 செப்டம்பர் 13-ஆம் தேதி, தமது 86-ஆம் வயதில் சிகாகோவில் புளூம் மறைந்தார்.

2001-இல் அவருடைய மாணவர் ஆண்டர்சனும் பழைய தோழர் கிராத்வோலும் சேர்ந்து ஆறு படிகளைத் திருத்தி அமைத்தார்கள். நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாய், மதிப்பிடு, உருவாக்கு என்று எல்லாம் வினைச்சொல் ஆகிவிட்டன. உருவாக்குதல் கடைசிப் படிக்குப் போனது. இன்றைக்கு எங்கே பார்த்தாலும் பிரமிடு மாதிரி ஒரு படம் போட்டு அதற்குப் புளூம் பெயரை வைக்கிறார்களே, 1956 புத்தகத்தில் அந்தப் படமே கிடையாது! எல்லாரும் பேசுகிற, ரொம்பப் பேர் படிக்காத புத்தகம் அது என்று புளூமே ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்.

நமக்கு என்ன?

எங்க வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நடவு, அறுப்பு என்று உழைக்கிற குடும்பம். அப்பாவுக்கு நாற்று எத்தனை நாளில் பிடுங்க வேண்டும், தண்ணீரை எப்போது அடைக்க வேண்டும் என்று எல்லாம் அத்துப்படி. ஆனால் தெர்மல் பாடத்தில் எது முக்கியம், எதை எவ்வளவு படிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்க முடியுமா? படித்த வீட்டுப் பையனுக்கு அண்ணன் சொல்வான், மாமா சொல்வார். இதை விடு, அதைப் பிடி, இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள் என்று வழி காட்டுவார்கள். நம்மில் பாதிப் பேருக்கு அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. நமக்கு அந்த அண்ணன், அந்த மாமா எல்லாமே சிலபஸில் இருக்கிற அந்த நாலைந்து வரிகள்தான். அதில் அறிந்துகொள்வார், புரிந்துகொள்வார் என்று மட்டும் இருந்தால், வழிகேட்டவனுக்கு நேரே போ என்று மட்டும் சொன்ன கதைதான்.

நாட்டிலும் இதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது. 1994-இல் அமைந்த தேசிய அங்கீகார வாரியம், மாணவர் முடிவில் என்ன செய்யக்கூடியவராக வெளியே வருகிறார் என்பதை வைத்தே படிப்புகளை எடைபோடுகிறது. டிப்ளமா படிப்புகளும் இதில் அடக்கம். 2014-இல் பொறியியல் பட்டப்படிப்புக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனதும் இந்த வழியில்தான். ஆனால் ஃபைலில் எழுதி அலமாரியில் வைப்பதற்காகக் குறிக்கோள் எழுதினால் யாருக்கும் பயனில்லை. அது வகுப்புக்கு வர வேண்டும். மாணவன் கண்ணில் பட வேண்டும்.

நம்ம ஆசிரியப் பெருமக்களுக்கு இருக்கிற வேலைச்சுமை நமக்குத் தெரியாதது இல்லை. ஒரு வகுப்பில் இத்தனை பேர், லேபில் இத்தனை பேட்ச், போர்ஷனை முடிக்க வேண்டிய அவசரம். ஆகவே மாணவர் மன்றத்தின் சார்பில் ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும் வைக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு யூனிட் தொடங்கும் நாளிலும், இது முடிந்ததும் நீங்கள் இந்த மூன்று வேலையைச் செய்து காட்டுவீர்கள் என்று பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள், சார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். யூனிட் முடிந்ததும் எங்களால் முடிகிறதா என்று நாங்களே ஒருத்தரையொருத்தர் சோதித்துக்கொள்கிறோம். முடியாதவனை விட்டுவிட்டுப் போகாமல், முடிந்தவன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

நண்பர்களே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த செமஸ்டர் சிலபஸ் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்து மாடல் கேள்வித்தாளுக்கு ஓடாதீர்கள். முதல் பக்கத்து வரிகளைப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை நான் எந்த மெஷினில், எதை வைத்து, எவ்வளவு சரியாகச் செய்து காட்டுவேன் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தைச் சாரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? லான்ஸ்ஃபோர்டு நூலகத்தில் நின்று, முழுசும் படித்துவிட்டேன், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று சொன்ன பையனுக்கு வெட்கம் இருந்திருந்தால் அடுத்த புத்தகம் கிடைத்திருக்குமா?